பராமரிப்பவர் என்ற வரியில் உன் பெயர்

இன்று காலை கங்கைகொண்டான் போகும் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது உன் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. திரையில் உன் பெயர். நீ போய் ஆறு மாதமாகிறது என்பது ஒரு நொடி மறந்தே போயிற்று. எடுத்தால் உன் வீட்டுக்காரர், நம்ம அண்ணன். உன் போனை இன்னும் தினமும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறாராம். "நீ அனுப்பின மெயில் ஒண்ணு அவளுக்கு வந்திருக்கும்மா. நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

அது அங்கேதான் போய்ச் சேரும் என்று தெரிந்தேதான் அனுப்பினேன். நம் தன்னார்வலர் கூட்டத்தின் வழக்கம் உனக்குத் தெரியாததா? ஒருவர் பார்த்துக்கொள்ளும் மென்பொருள் பேக்கேஜை இன்னொருவர் எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் முதலில் அவருக்கே எழுதிக் கேட்க வேண்டும். சரி என்று அவர் பதில் போட வேண்டும். அவரே இல்லை என்றால் அதைக் கூட்டத்தின் பொதுமடலில் எல்லாரும் பார்க்க எழுதிவிட்டு, அவர் பெயர் இருந்த இடத்தில் தன் பெயரைப் போட வேண்டும். அதை எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால் உனக்கே எழுதினேன், பைத்தியக்காரி மாதிரி.

பாளையங்கோட்டையில் அந்த மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு முதல் வாரம் பதினான்கு பேர் வந்தோம். இலவச இயங்குதளத்துக்கு மென்பொருளைக் கட்டிக்கொடுக்கக் கற்றுக்கொள்ளலாம் என்றார்கள். சம்பளம் இல்லை, சான்றிதழ் இல்லை என்று தெரிந்ததும் கூட்டம் கரைந்து கடைசியில் நீயும் நானும் மின்விசிறியும்தான் மிச்சம். தமிழ் எழுத்தைக் கணினி உரக்க வாசிக்கும் அந்தப் பேக்கேஜ் எடுத்துக்கொள்ள ஆளில்லாமல் கிடந்தது. நீதான் கையைத் தூக்கினாய். என் கையையும் சேர்த்துத் தூக்கினாய்.

முதல் தடவை நாம் பட்ட அசிங்கம் நினைவிருக்கிறதா? வண்ணார்பேட்டையில் உன் வீட்டில் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து கட்டி அனுப்பினோம். உன் கணினியில் அது கிளி மாதிரி பேசியது. மறுநாள் எங்கோ வெளிநாட்டுக்காரர் ஒருவர், இங்கே கட்டவே முடியவில்லை என்று ரொம்ப மரியாதையாக எழுதியிருந்தார். எங்களிடம் ஓடுகிறதே என்று நான் சண்டைக்குக் கிளம்பினேன். உன் கணினியில் ஏற்கெனவே கிடந்த நாலைந்து மென்பொருள்கள் அதற்குத் தேவை என்பதை நாம் பட்டியலில் எழுதவே இல்லை. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "நம்ம வீட்ல உப்பு புளி எல்லாம் இருக்கு, சமைச்சிட்டோம். ஒண்ணுமில்லாத வீட்ல சமைச்சுக் காட்டணும்ட்டி" என்றாய். அதற்கப்புறம் எதைக் கட்டினாலும் வெறும் கணினியில் கட்டிப் பார்க்காமல் நீ அனுப்பியதில்லை.

அந்தத் திருத்தம் முடிந்த அன்றுதான் பேக்கேஜின் கோப்பில் பராமரிப்பவர் என்ற வரியில் இரண்டு பேர் பெயரையும் போடலாம் என்றாய். எனக்கெதற்கு, நீதான் இருக்கிறாயே என்றேன்.

"ஒரு வரிதானட்டி. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா யாரு பாத்துக்கிடுவா?"

"வாயைக் கழுவுட்டி" என்று உன் தொடையில் ஓங்கி அடித்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில் பேசுகிற பேச்சா அது என்று திட்டினேன். நீ என் பெயரை விட்டுவிட்டாய். மூன்று நாள் காய்ச்சலில் நீ போவாய் என்று யார் கண்டது? அன்றைக்கு நான் பயந்தது வெறும் வார்த்தைக்கு. அந்தப் பயத்தை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

இப்போது இயங்குதளத்தின் புதிய பதிப்பில் நம் பேக்கேஜ் வாயே திறப்பதில்லை. எங்கே உடைந்தது என்று கண்டுபிடித்துவிட்டேன். திருத்தியும்விட்டேன். வெறும் கணினியில் கட்டிப் பார்த்தேன், ஓடுகிறது. ஆனால் அனுப்ப எனக்கு உரிமை இல்லை. இந்த வெள்ளிக்கிழமைக்குள் பராமரிப்பவரிடமிருந்து பதில் வராவிட்டால் பேக்கேஜை நீக்கிவிடுவோம் என்று அறிவித்திருக்கிறார்கள்.

சீவலப்பேரி டீச்சர் வாரம் தவறாமல் கூப்பிடுகிறார். கண் தெரியாத அவருக்குப் புத்தகம் வாசித்துக்காட்ட அது ஒன்றுதான் உண்டு என்பது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் கொடுத்த புதுக் கணினி ஊமையாகக் கிடக்கிறதாம். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கெஞ்சிப் பாடத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வகுப்புக்குப் போகிறார். போன வாரம், "அந்த மேடம் ஊர்ல இல்லியா? அவங்ககிட்ட சொன்னா உடனே செஞ்சிருவாங்கல்லா?" என்று கேட்டார். வெளியூர் போயிருக்கிறாய் என்று சொல்லி வைத்தேன். நீ இல்லை என்பதை இந்த ஆறு மாதத்தில் ஒருவரிடமும் என் வாயால் சொன்னதில்லை.

அண்ணனிடம் எல்லாவற்றையும் பஸ்ஸிலேயே சொன்னேன். அவர், "இதுலயிருந்தே சரின்னு ஒரு வார்த்தை அடிச்சு அனுப்பிரட்டா? அவ சொன்ன மாதிரிதான இருக்கும்" என்றார். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நீ சொல்லாததை உன் பெயரில் அனுப்பினால் நீ என்னைச் சும்மா விடுவாயா? வேண்டாம் அண்ணே என்றேன்.

"அப்போ அவ பேர எடுத்திருவியாம்மா?"

போனை வைத்துவிட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கோப்பைத் திறந்தேன். பொதுமடலுக்கு எழுத வேண்டிய வாக்கியத்தில் உன் பெயர் வரை அடித்தேன். அதற்கு மேல் விரல் போகவில்லை. பராமரிப்பவர் வரிக்குப் போய் உன் பெயரின் கடைசி எழுத்தை அழித்தேன். உடனே திரும்பப் போட்டேன். மூன்று தடவை இப்படியே செய்தேன்.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. அப்போது உன் பெயருக்குக் கீழே என் பெயரைப் போட ஒரு வரி போதும் என்றாய். இன்றைக்கும் ஒரு வரிதான். ஆனால் உன் பெயரை அழித்துவிட்டு அந்த இடத்தில் எழுதச் சொல்கிறார்கள்ட்டி.