நிறுவனர் படம்

ஆவணி 9, செவ்வாய். கீரனூர்.

என் மகன் செந்தில், நான் வளர்த்த செடிகளை அவன் அப்பா பெயரில் எழுதிவிட்டான்.

மொட்டைமாடியில் அடீனியம் பூச்செடிகளை ஒட்டுக்கட்டி விற்பது நான் ஒருத்திதான். யாரும் சொல்லித்தரவில்லை. எத்தனையோ செடிகளை அழுகவிட்டுக் கற்றுக்கொண்டேன். அவர் உயிரோடு இருந்தவரை ஒரு தொட்டிக்கும் தண்ணீர் ஊற்றியதில்லை. மாடி பாரம் தாங்காது என்று மட்டும் சொல்வார்.

இன்று திருச்சியிலிருந்து செடி வாங்க வந்தவர் போனை நீட்டினார். "ஐயா காலத்துலேர்ந்து நடத்துறீங்களாம்மா? ஒங்க ஆளுகல்லாம் எங்க?"

செந்தில் போட்ட இணையப் பக்கம். மாலை போட்ட அவர் படம், கீழே 'நிறுவனர்'. அடுத்து 'எங்கள் வல்லுநர் குழு' என்று யார் யாரோ முகங்கள். நான் எங்குமே இல்லை.

செந்திலைக் கேட்டேன்.

"பெரிய கம்பெனின்னா நிறுவனர் படம் இருக்கணும்மா. அப்பா படந்தான் கெத்தா இருந்துச்சு."

"உசுரோட இருக்கவளுக்கு என்னடா கொறச்சல்?"

"நீ எல்லாப் படத்துலயும் நைட்டியிலதானம்மா நிக்கிற."

மருமகள் சிரித்தாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. மாடிக்குப் போய் மண் கலந்தேன். கை தானாகக் கலந்தது.

நாளை செந்தில் அந்தப் படத்தை எடுக்க வேண்டும். வல்லுநர் குழுவையும் அவனே அழிக்க வேண்டும். மருமகள் என்னைப் படம் பிடிக்க வேண்டும், நைட்டியென்றால் நைட்டிதான். என் பெயரை முழுதாகப் போட வேண்டும். அதுவரை போன் செய்கிறவர்களிடம், நிறுவனர் காலமாகிவிட்டார், இனிமேல் செடி கிடையாது என்று நான் சொல்ல வேண்டும்.