ஐயாயிரம் ரூபாய் புல்

ஆடி 6, செவ்வாய்.

மச்சான் ஷார்ஜாவிலிருந்து கேம் மெஷினோடு கொண்டுவந்த கால்பந்து கேம் மட்டுமே ஐயாயிரம் ரூபாய். என் போனில் இருப்பது இலவசம். "ஓசி கேம்ல புல்லே பிளாஸ்டிக் மாதிரி இருக்குட்டி" என்று லீவு முழுக்கக் கேலி. இன்று தன் போனிலும் அதை இறக்கி என்னோடு ஆடினார். நாலு கோல் வாங்கினார். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கலே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை கிளம்புகிறார். பெட்டியை எடை போட்டபோது கூடுதலாக இருந்தது. மாமி கட்டிய முறுக்கை எடுப்பார் என்று நினைத்தேன். கேம் மெஷினைத் தூக்கி வெளியே வைத்தார்.

"ஐயாயிரத்த விட்டுட்டுப் போறீயளா?"

"அதுல ஒன்கூட ஆட இன்னொரு மெஷினுல்லா வாங்கணும். ஓசி கேமே போதும். டெய்லி பத்து மணிக்கு வந்துரு."

இங்கே பத்து என்றால் அங்கே எட்டரை. சாப்பிட்டுவிட்டே தோற்கட்டும்.