பேர் போட்ட செய்தி

வெள்ளி, இரவு.

ரவுடிக் கும்பலுக்கு மாமூல் தர மறுத்ததால்தான் இளநீர்க் கடை ஏழுமலையைச் செங்கம் சாலையில் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். பார்த்த எல்லோரும் அன்று செய்தி சேகரிக்கப் போன என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "பேர் மட்டும் போட்டுடாதீங்க சார்."

ஏழுமலை கடைக்குப் பக்கத்திலேயே பூக்கடை வைத்திருக்கும் அவரது தோழி வசந்தா, கடை கடையாக ஏறி இறங்கி, பார்த்தவர்களைத் திரட்டினார். இன்று எல்லோரும் எஸ்.பி. அலுவலகத்தில் சாட்சி எழுதிக் கொடுத்தார்கள். வெளியே வந்ததும், பழக்கதோஷத்தில், வசந்தாவிடம் "பேர் வேண்டாம்தானே?" என்றேன்.

"இன்னா சார், நாங்க திருட்டுப் பூவா விக்கிறோம்? ஏழுமலை பேருக்குப் பக்கத்துலயே எங்க பேரையும் போடுங்க."

கும்பலில் இருவர் இன்னும் பிடிபடவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இந்த ஊர்க்காரன் என்பதில் இன்று பெருமை. எல்லாப் பெயரும் போட்டேன். வழக்கமான 'நமது நிருபர்' என்பதை அடித்துவிட்டு, என் பெயரையும் எழுதி அனுப்பினேன்.