குதி தேயாத மேசு

இன்று காலை குளியலறைக் கம்பியில் காயப்போட்டிருந்த மேசுச் சோடியை மறுபக்கம் திருப்பப் போனேன். காலுறைக்கு நம் ஊரில் மேசு என்றுதானே சொல்வோம். எனக்கு இன்னும் வேறு சொல் வாயில் வருவதில்லை. ஈரக் கம்பளியின் மணம் அறை முழுதும் இருந்தது. மழையில் நனைந்த செம்மறியின் மணம் என்று நீ சொல்வாய். வழக்கம்போல இடது கையை உள்ளே விட்டு, விரல்களை மடக்கி, குதிகால் பக்கத்தை விரித்து யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தேன். இரண்டே கால் வருடமாகச் சனிக்கிழமைதோறும் செய்கிற சோதனை. இன்று இடது குதியில் கடுகு அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது.

குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன்.

இந்தச் சோடி தேயத் தொடங்குகிற நாளில் உன் மனைவியிடம் போய்ச் சொல்லிவிடுவதென்று எனக்கு நானே தவணை வைத்திருந்தேன். நீ என்னிடம் கேட்டிருந்தது ஒன்றே ஒன்று. இறுதிச் சடங்கில் உன்னை அனுப்பி வைத்த அன்று அதை நான் செய்யவில்லை. அதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. மூன்று நான்கு மாதத்தில் தேய்ந்துவிடும் என்று நினைத்துத்தான் தவணை வைத்தேன் என்று எழுதினால் அது பொய். இந்த மேசு எவ்வளவு காலம் உழைக்கும் என்று எவருக்காவது தெரியுமென்றால் அது எனக்குத்தான். தேர்ந்தெடுத்தவன் நான்.

நாம் ஒரே வகுப்பில் இருந்தோம். நாட்டை விட்டு வந்தபோது நான் லண்டனில் நின்றுவிட்டேன். நீ ஸ்கொட்லாந்துக்குப் போனாய். அங்கே முதல் குளிர்காலத்தில் உன் மெல்லிய காற்சட்டையைப் பார்த்துப் பொறுக்காமல், குடியிருந்த வீட்டுக்காரக் கிழவி இறந்துபோன தன் கணவரின் கில்டை உனக்குத் தந்தாள். முழங்கால் வரை மடிப்பு மடிப்பாக வருகிற, அந்த ஊர் ஆண்கள் கட்டுகிற கனத்த கம்பளி உடை. பன்னிரண்டு வருடம் கழித்து லண்டன் கிங்ஸ்பரிக்குக் குடிவந்தபோது அதையும் பெட்டியில் கொண்டுவந்தாய். கலியாண வீடுகளுக்கு மட்டும் கட்டுவாய். இடது இடுப்பெலும்பை மாற்றிய பிறகுதான் அது உன் நாளாந்த உடுப்பானது. காற்சட்டைக்குள் காலை விடுவதற்குக் குனிய வேண்டும். கில்டை நின்றபடியே சுற்றி வாரைப் பூட்டிவிடலாம்.

"எட்டு முழ வேட்டிக்கு மடிப்பு வைச்சு வார் பூட்டினா இதுதான் மச்சான். எங்கட சாமானைக் குளிருக்கு ஏத்த மாதிரித் தைச்சு வைச்சிருக்கிறாங்கள்" என்பாய்.

நான் உன்னோடு வீதியில் நடக்கக் கூச்சப்பட்டேன். உனக்குத் தெரியாமல் ஓர் அடி பின்னால் வருவதாக நினைத்திருந்தேன். உனக்கு அது தெரிந்தே இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஆர்ச்வே முருகன் கோயில் வாசலில், அர்ச்சனைத் தட்டோடு நின்ற ஓர் அம்மா உன்னை மேலும் கீழும் பார்த்தார். "இதென்ன அண்ணை, பள்ளிக்கூடப் பாவாடையோ?" என்றார். நீ சிரிக்காமல் சொன்னாய்: "ஓம் தங்கச்சி. நான் இன்னும் ஓ.எல். சோதினை பாஸ் பண்ணேல்ல." அவர் சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த எலுமிச்சம்பழம் உருண்டு ஓடியது. அதைப் பொறுக்கக் குனிந்தபோதுதான் உன் மேசு இரண்டும் கணுக்காலில் சரிந்து கிடந்ததைக் கண்டேன். வீக்கத்தால் மினுங்கிய உன் முழந்தாள், குளிரில் நீலம் பாரித்திருந்தது.

வரும் வழியில் கேட்டாய். "நீ முப்பது வருஷம் மற்றவன் கீறின வரைபடத்தில பிழை பிடிச்சுச் சம்பளம் வாங்கின ஆள். எனக்கு ஒவ்வொரு நாளும் போட, விழாத, கிழியாத மேசு ஒண்டு பிடிச்சுத் தா பாப்பம்."

வாழ்க்கையில் என்னை நம்பி ஒரு பொறுப்பைத் தந்தவர்கள் குறைவு. அதனாலோ என்னவோ, தேவைக்கு மிஞ்சிய ஒழுங்கோடு அந்த வேலையில் இறங்கினேன். குறிப்பெழுத ஒரு கொப்பி வைத்தேன். பருத்தி மேசு காலையில் நன்றாக நின்றது. மத்தியானத்துக்குள் நெகிழ்ந்து இறங்கியது. செயற்கை நூல் மேசில் வியர்வை தங்கி உன் தோல் சிவந்தது. மிக மென்மையான கம்பளி ஒன்று வாங்கினோம். பூனைக்குட்டியைத் தொடுவது போலிருக்கிறது என்று மகிழ்ந்தாய். ஆறு கிழமையில் குதியில் பொத்தல். மென்மையும் உழைப்பும் ஒரே நூலில் கிடைப்பதில்லை என்று கொப்பியில் எழுதினேன். கடைசியாக, சற்று முரட்டுக் கம்பளியில் கொஞ்சம் நைலோன் கலந்து, குதியிலும் விரல் நுனியிலும் இரட்டையாகப் பின்னிய ஒன்றைக் கண்டுபிடித்தேன். மேலிருந்து கீழ்வரை வரிவரியான பின்னல் என்பதால், கால் வீங்கினால் தானும் விரிந்து கொடுத்தது. முழங்காலுக்குக் கீழே அகலமாக மடித்துவிட்டால், உள்ளே கட்டும் நாடாவை இறுக்க வேண்டியதே இல்லை.

"கடிக்குதடா" என்றாய்.

"ஒரு கிழமை பொறு. ரெண்டு தரம் தோய்ச்சாப் பழகியிடும்."

"மேசு பழகுமோ, நான் பழகுவனோ?"

வெள்ளை வேண்டாம், அது கலியாணத்துக்கு. ஊத்தை தெரியாத கருஞ்சாம்பல் நிறமே நாளாந்தத்துக்கு நல்லது என்று சொல்லி ஐந்து சோடியும் அதே நிறத்தில் எடுத்தேன். ஒன்று கிழிந்தால் மிஞ்சியதை இன்னொன்றோடு சேர்த்துப் போடலாம் என்பது என் யோசனை. நீ தலையில் கை வைத்தாய். "அஞ்சும் ஒரே நிறமெண்டா, நான் மேசு மாத்திறேல்ல எண்டெல்லோ சனம் நினைக்கும்!"

போட்டுவிடுகிற வேலையும் என்னிடமே வந்தது. உனக்குக் குனிய ஏலாது. உன் மனைவிக்கு விரல் மூட்டுகள் மடங்காது. ஒரு பஸ் தூரம்தானே என்று நாள்தோறும் காலை ஒன்பது மணிக்கு வந்தேன். சத்திரசிகிச்சைக்கு அறுத்த கால்தான் முதலில் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால் முதலில் இடது, பிறகு வலது. நான் முழங்காலிட்டதும் நீ என் தலைக்கு மேல் கையை உயர்த்துவாய். "எழும்பு பிள்ளாய், ஆசீர்வதிச்சுப் போட்டன்." ஒருமுறைகூட அந்தப் பகிடியை நீ தவறவிடவில்லை. மேசைப் பாதிவரை சுருட்டி, விரல்களை நுழைத்து, குதி சரியாகக் குதியில் இருக்கிறதா என்று பார்த்துப் பிறகுதான் மேலே இழுப்பேன். குதி ஒரு விரலகலம் விலகினாலும் அந்த இடம்தான் முதலில் தேயும்.

உன் நுரையீரலில் நீர் கோர்த்திருந்த மாதம், அப்படி ஒரு காலையில் பகிடியை முடித்துவிட்டு நீ கையை எடுக்கவில்லை. என் தலையிலேயே வைத்திருந்தாய்.

"டேய், நான் போகேக்குள்ள கால் குளிரக்கூடாது."

நான் மேசின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"கில்ட் வேண்டாம். தமையன் கனடாவில இருந்து வந்து குதிப்பார். பட்டுவேட்டியே கட்டட்டும். உள்ளுக்க இதைப் போட்டுவிடு. வேட்டிக்குள்ள ஆருக்குத் தெரியப் போகுது?"

"போடுறன்."

"நீ வாய் திறக்கமாட்டாய்."

"போடுறன் எண்டு சொன்னனான்தானே."

"அப்ப அந்த அஞ்சாவது சோடியை நான் போடேல்ல. கொண்டுபோய் உன்னட்டை வை."

பிரிக்காத பொட்டலத்தை அன்றே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மன்னிப்பாயோ தெரியாது. உன்னைக் குளிப்பாட்டி உடுத்துவதற்கு அந்த இறுதிச் சடங்கு நிலையத்தில் சிறிய அறை ஒன்றைத் தந்தார்கள். உன் தமையனும் நானும் உள்ளே. உன் மனைவி கதவடியில். வேட்டி உடுத்தியாகிவிட்டது. பொட்டலத்தை உடுப்புக்குள்ளிருந்து எடுத்தேன்.

"என்ன அது?" என்றார் தமையன்.

"மேசு. அவன் கேட்டவன்."

"சுடலைக்குப் போறவனுக்கு மேசு என்னத்துக்கு? கால் பெருவிரல் ரெண்டையும் சேத்துக் கட்டவேணும். மேசு போட்டா எப்பிடிக் கட்டுறது?"

அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. தம்பியைப் பார்க்க இரவெல்லாம் பறந்து வந்தவர், கண் வீங்கியிருந்தது. அவர் கேட்டது அதட்டல்கூட இல்லை. உண்மையான கேள்வி. கேட்டுவிட்டு, கையில் வெள்ளைத் துணிக் கீற்றோடு என் முகத்தைப் பார்த்து நின்றார். பதிலுக்கு இடம் விட்டே நின்றார். பதில் என்னிடம் அந்த நொடியே இருந்தது. மற்றவர்களின் வரைபடங்களில் அப்படியான சிக்கல்களை அவிழ்ப்பதுதானே என் தொழிலாக இருந்தது. இருந்தும் நான் சொன்னது வேறு.

"ஓம், அதுவும் சரிதான்."

வெறுங்காலில் விரல்களைக் கட்டினார். உன் குதிகள் அந்த உலோக மேசையில் பட்டுக்கொண்டிருந்தன. நான் பொட்டலத்தை மறுபடியும் உடுப்புக்குள் வைத்துக்கொண்டேன்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் காலை அந்தப் பொட்டலத்தைப் பிரித்து நானே போட்டேன். ஏன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். திருப்தியான காரணம் கிடைக்கவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள், காற்சட்டைக்குள், எவருக்கும் தெரியாமல் போட்டுவருகிறேன். உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, ஆறின தண்ணீரில் அலசி, சூடு படாமல் உலர்த்துகிறேன். அவ்வளவு கவனமாகப் பார்த்தால் மேசு எப்படித் தேயும்? சொல்லவேண்டிய நாளைத் தள்ளிப் போடத்தான் அவ்வளவு கவனமும் என்பது கெட்டித்தனமில்லாத எனக்கும் சில மாதத்தில் விளங்கிவிட்டது. விளங்கிய பிறகும் அப்படியே செய்தேன்.

இன்று வெளிச்சம் தெரிந்துவிட்டது. சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி, இரண்டு முறை திருத்தி, இன்னும் ஈரம் போகாத அந்தச் சோடியையே போட்டுக்கொண்டு மத்தியானம் பஸ் ஏறினேன்.

"வாங்கோ அண்ணை. என்ன, போனும் பண்ணாம?" என்றார் உன் மனைவி. தேத்தண்ணி வைக்கக் கேத்தலை இரண்டு உள்ளங்கையாலும் தூக்கினார். நான் எழும்பி வாங்கிக்கொண்டேன். தாள் சட்டைப் பையிலேயே இருந்தது.

"தங்கச்சி, ஒரு விசயம் சொல்லவேணும்."

"மேசு விசயமோ?"

கேத்தலை அடுப்பில் வைக்காமலே நின்றேன்.

"கதவடியில நிண்டனான்தானே அண்ணை. எனக்கும் சொல்லிப்போட்டுத்தான் போனவர். 'அவன் கொண்டு வருவான், ஆனா வாய் திறக்கமாட்டான். நீ ஒருக்கா அவனைத் தள்ளிவிடு' எண்டவர்."

"அப்ப நீங்கள்..."

"அவற்ற தமையனுக்கு முன்னால நான் ஒரு நாளும் கதைச்சதில்லை. நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னா நானும் சேர்ந்து சொல்லுவம் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன். நீங்கள் அதுவும் சரிதான் எண்டியள்." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். "ரெண்டு பேரும் ஆளையாள் பாத்துக்கொண்டு நிண்டு, அந்த மனுசனை வெறுங்காலோட அனுப்பிப்போட்டம்."

நான் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். இருவரும் குடித்தோம். சீனி போட மறந்துவிட்டேன். அவரும் அப்படியே குடித்து முடித்தார். கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டார்:

"ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. விரலை எப்பிடிக் கட்டியிருப்பியள்?"

"மேசுக்கு மேலாலேயே கட்டலாம். கம்பளியில முடிச்சு வழுக்காது. வெறுந்தோலை விட இறுக்கமா நிக்கும்."

அவர் மடங்காத விரல்களால் கோப்பையை ஓரமாகத் தள்ளினார்.

"இவ்வளவுதானோ?"

"இவ்வளவுதான்."

எழுந்து உள்ளே போனவர், அலுமாரியிலிருந்து நான்கு சோடியையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். எறியவும் மனமில்லை, கொடுக்கவும் ஆளில்லை என்றார். வாசல்வரை வந்து, நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்தபோது, காற்சட்டை விளிம்பில் தெரிந்த கருஞ்சாம்பல் நிறத்தையும் இடது குதியில் தேய்ந்த புள்ளியையும் கண்டுவிட்டார். "பொத்தல் பெருசாக முன்னம் தைக்கவேணும் அண்ணை. இஞ்சை கொண்டு வாங்கோ. என்ர விரலுக்கு ஊசி பிடிக்க ஏலாது, நூல் நிறம் பாத்துச் சொல்லுவன்" என்றார். அது மன்னிப்பா என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது ஐந்தும் என்னிடம் இருக்கின்றன. சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் பார்த்தேன். உன் நான்கு சோடியிலும் இடது குதி கொஞ்சம் விரிந்து, உன் காலின் உருவை அப்படியே வைத்திருக்கிறது. கம்பளி எதையும் இலேசில் மறப்பதில்லை. அந்த நான்கில் எதிலும் வெளிச்சம் தெரியவில்லை. மாறி மாறிப் போட்டால் இவை என் காலத்துக்கும் போதும், மிஞ்சவும் கூடும். என் வாழ்க்கையில் நான் சரியாகத் தேர்ந்தது என்று ஐயமில்லாமல் சொல்லக்கூடியது இந்த மேசு ஒன்றுதான். அதை நினைக்கவும் களைப்பாக இருக்கிறது.

நாளைக் காலை ஒன்பது மணிக்குக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து உன் சோடி ஒன்றை எடுப்பேன். பாதிவரை சுருட்டுவேன். குதியைக் குதியில் வைத்துப் பார்த்துப் பிறகே மேலே இழுப்பேன். எனக்கு எந்தக் காலையும் எவரும் அறுக்கவில்லை. ஆனாலும் இடது கால்தான் முதலில்.