குட்டை ராடு வேண்டாம் என்றாயே, குமரா

என் தங்கத் தடியனே, குமரா,

அக்கா அழுதுகொண்டே எழுதுவாள் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவாய். அழுகையெல்லாம் உன் காரியத்தோடு முடிந்தது. இப்போது இருப்பது கோபம், அதுவும் அடிவயிற்றிலிருந்து கிளம்புகிற கோபம். நாலு பேர் படித்தால் படிக்கட்டும். தம்பியைத் திட்ட அக்காவுக்கு என்ன வெட்கம்?

முதலில் ஊர்ச் சேதி. நம் டவுன்ஷிப் பிளாக்கில் தெருவுக்குத் தெரு புதிதாக வேகத்தடை போட்டுவிட்டார்கள். நம் மஞ்சள் கார் ஒவ்வொன்றிலும் வயிற்றைத் தேய்த்துக்கொண்டுதான் ஏறி இறங்குகிறது. ஷிஃப்ட் முடிந்து வந்து பார்த்தால் பானட் முழுக்க அனல்மின் நிலையச் சாம்பல். அதில் விரலால் உன் பெயரை எழுதினேன், கோபம் வந்து துடைத்துவிட்டேன்.

பாண்டிச்சேரியில் அந்த இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரை நாம் சேர்ந்து வாங்கியபோது குவார்ட்டர்ஸே சிரித்தது, ஞாபகம் இருக்கிறதா? மைன்ஸ் கண்ட்ரோல் ரூமில் வேலை பார்க்கிற பொம்பளைக்கும் கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் தம்பிக்கும் எதற்கு இந்த ஆட்டம் என்றார்கள். "சிரிக்கிறவன் சிரிக்கட்டும் அக்கா, ஓட்டுறவன் ஓட்டட்டும்" என்றாய். அந்த வாய்க்காகவே உன்னை எவ்வளவு பிடிக்கும் தெரியுமா?

ஷார்ட் த்ரோ ஷிஃப்டர் பைத்தியத்தை எனக்குப் பிடிக்கவைத்ததும் நீதான். கம்பெனி கொடுத்த கியர் ராடு நீளம். செகண்டிலிருந்து தேர்டுக்குப் போவதற்குள் கை ஒரு ஊர்வலம் போய்வரும். அதைக் கழற்றிவிட்டுக் குட்டையான ஒன்றைப் போட்டால் மணிக்கட்டை அசைத்தாலே கியர் விழும் என்று வீடியோ வீடியோவாக அனுப்பித் தள்ளினாய். நானும் உட்கார்ந்து படித்தேன். ராடின் தலையை மட்டும் வெட்டிக் குறைக்கிற ரகம் எது, அடியில் ராடு அசைகிற முட்டுப் புள்ளியையே இடம் மாற்றி உண்மையாகவே தூரத்தைக் குறைக்கிற ரகம் எது, எதைப் போட்டால் கியர் பாக்ஸ் சத்தம் உள்ளே வரும், எல்லாம் எனக்கு அத்துப்படி ஆனது.

போன வருஷம் பொங்கலுக்குப் பிறகு நீ அப்படியே பல்டி அடித்தாய். ஒன்றைக் காட்டினால் "இது சும்மா அழகுக்கு" என்றாய். இன்னொன்றைக் காட்டினால் "குளிர்ல செகண்டே விழாது" என்றாய். மூன்றாவதைக் காட்டினால் "கியர் பாக்ஸ் போயிடும், அப்புறம் நீதான் அழுவ" என்றாய். உன்னைவிட அதிகமாகப் படித்துக்கொண்டு வந்து மல்லுக்கட்டினேன். "சரிதான் அக்கா, ஆனா வேணாம்" என்று சிரித்தாய்.

அந்தச் சிரிப்பை நம்பினேன் பார்.

பைக்கை விற்றுவிட்டுக் கான்ட்ராக்ட் பஸ்ஸில் போக ஆரம்பித்தாய். வெயில் தாங்கவில்லை என்றாய், நம்பினேன். "இனிமே நீயே ஓட்டு அக்கா, எனக்கு முதுகு வலி" என்று பக்கத்து சீட்டுக்கு மாறிக்கொண்டாய். என் மேல் பாசம் என்று நினைத்தேன். அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தாயே, அதையும் நம்பினேன். நான் க்ளட்ச் மிதிக்க வேண்டும், நீ பக்கத்து சீட்டிலிருந்து வலது கையால் கியர் போட வேண்டும். வடலூர் ரோட்டில் நான் "தேர்டு!" என்று கத்த, நீ ராடைத் தள்ள, ரெண்டு பேரும் கழுதைகள் மாதிரி சிரித்தோம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் குள்ளஞ்சாவடி வரை போய் டீ குடித்துவிட்டு அப்படியே திரும்புவோம்.

டீ கிளாஸ் பிடிக்கிற கை வலது, சோறு சாப்பிடுகிற கை வலது. இடது கை என்ன ஆனது என்று யார் பார்க்கப்போகிறார்கள்?

மழைக்காலத்தில் நீ விழுந்தாய். மூச்சு விடவே முடியவில்லை. நரம்பு வியாதி, திடீரென்று வந்துவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். வந்தவர் போனவரிடமெல்லாம் "திடீர்னு வந்துடுச்சுங்க" என்று நானே சொல்லிச் சொல்லி அழுதேன்.

போன வாரம் அந்த ஷிஃப்டரை வாங்கிவிட்டேன். முட்டுப் புள்ளி இடம் மாறுகிற ரகம், நீ முதலில் ஆசைப்பட்டது. உன் ஆசைதானே என்று மந்தாரக்குப்பத்துக்கு எடுத்துப் போனேன். நம் வண்டியைப் பார்க்கிற மெக்கானிக் ஞானவேல் அண்ணன் பெட்டியைப் பார்த்ததுமே பெருமூச்சு விட்டார்.

"தம்பி சொன்ன மாதிரியே எடுத்துகினு வந்துட்டியேம்மா."

"என்ன சொன்னான்?"

"எனக்கு அப்புறம் அக்கா இத வாங்கிகினு வரும், ஒண்ணும் பேசாம மாட்டிக் குடுத்துடுங்கண்ணேன்னுச்சி. அது ஆச்சி ஒரு வருசத்துக்கு மேல. இடது கை வராமப் போச்சே, அப்ப."

நான் பேந்தப் பேந்த விழிப்பதை அவர் அப்போதுதான் பார்த்தார். "அய்யோ, உனக்குத் தெரியாதா? வாய வுட்டுட்டேனே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். சொல்லாமல் விடமாட்டேன் என்று நின்றேன்.

"இங்க வந்த வேற ஒரு வண்டில குட்டை ராடு இருந்திச்சி. உக்காந்து போட்டுப் பாத்துச்சி. தேர்டு வுழுவல. ரெண்டு கையாலயும் புடிச்சிகினு தள்ளிச்சி. அப்புறம் எறங்கி வந்துதான் எங்கிட்ட அப்படிச் சொல்லிச்சிம்மா."

கதவைக் கைப்பிடியில் தள்ளாமல் கீலுக்குப் பக்கத்தில் தள்ளினால் எப்படிக் கனக்கும்? குட்டை ராடும் அப்படித்தான். தூரம் குறையும், கை பலம் கூடுதலாக வேண்டும். மாதக்கணக்கில் படித்த எனக்கு இது தெரியாதா? தெரியும். உன் கையில் அந்தப் பலம் இல்லை என்பதுதான் தெரியாது. பக்கத்து சீட்டிலிருந்து எட்டிப் பிடிக்க உனக்கு அந்த நீள ராடு வேண்டியிருந்தது என்பதும் தெரியாது.

நேராக உன் வீட்டுக்குப் போனேன். உன் பொண்டாட்டி சுமதி வாசலிலேயே அழுதுவிட்டாள். "பாண்டில டாக்டர் சொன்ன அன்னைக்கே தெரியும் அண்ணி. என் தலை மேல சத்தியம் வாங்கிட்டாரு. நீங்க ஒருத்தராவது அவர நோயாளியா பாக்காம இருக்கணும்னாரு."

இது ஒரு காரணமாடா? நன்றாக இருப்பது போல் நடிக்க உனக்குக் கைதட்ட ஒரு ஆள் வேண்டியிருந்தது, இளிச்சவாய் அக்கா கிடைத்தாள், அவ்வளவுதானே? மெக்கானிக்குக்குத் தெரியும், சுமதிக்குத் தெரியும், பேர் தெரியாத ஒரு டாக்டருக்குத் தெரியும். உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவளுக்குத் தெரியாது. "எனக்கு அப்புறம்" என்ற வார்த்தையை ஒரு ஒர்க்‌ஷாப்பில் நின்று சொல்ல முடிந்தது. வாரா வாரம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாயே, என்னிடம் சொல்ல வாய் வரவில்லையா?

தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? ஒன்றும் செய்திருக்க முடியாதுதான். ஆனால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேனே. அந்த ஒரு வருஷம் எனக்கும் சொந்தம் இல்லையா? அதை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள உனக்கு யார் உரிமை கொடுத்தார்கள்? இப்போது நினைத்துப் பார்த்தால் நான் சிரித்த ஒவ்வொரு சிரிப்பும் என்னைப் பார்த்தே சிரிக்கிறது.

மறுநாள் ஞானவேல் அண்ணனிடம் போய், "மாட்டுங்கண்ணே" என்றேன். வீம்புக்குத்தான். அவரும் உனக்குக் கொடுத்த வாக்குப்படி ஒன்றும் பேசாமல் மாட்டிக் கொடுத்தார்.

வடலூர் ரோட்டில் எடுத்தேன். ஃபர்ஸ்ட், செகண்ட், எல்லாம் நீ சொன்னது போலவே மணிக்கட்டிலேயே விழுந்தது. இறுக்கம் என்றால் அப்படி ஒரு இறுக்கம். நல்ல கைக்கே தெரிந்தது. வேகம் கூடியது. க்ளட்சை மிதித்து, "தேர்டு!" என்று கத்தினேன்.

மிதித்த காலை எடுக்காமல் காத்திருந்தேன் குமரா. வண்டி வேகம் குறைந்து, குறைந்து, சும்மா உருண்டுகொண்டிருந்தது. பின்னால் ஷிஃப்ட் பஸ்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்துவிட்டான். அதற்குப் பிறகுதான் என் கையை எடுத்து ராடின் மேல் வைத்தேன்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன், கேட்டுக்கொள். கழற்றிய நீள ராடை அண்ணனிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன், ஆனால் திரும்ப மாட்ட மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் குள்ளஞ்சாவடி வரை போவேன், எல்லா கியரையும் நானே போட்டுக்கொள்வேன். க்ளட்ச் மிதித்துவிட்டு உனக்காகக் காத்திருக்கும் பழக்கத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட முடியும். அதுவரை பின்னால் வருகிறவன் ஹாரன் அடிக்கட்டும்.

சின்ன வயதில் நீ காய் விட்டால் பொழுது சாய்வதற்குள் நானே வந்து பழம் விடுவேன். இந்த முறை வரமாட்டேன்.

இப்படிக்கு,
உன்மேல் காய் விட்டிருக்கும்,
உன் ஒரே அக்கா