அமாவாசைப் பொடி

16 பிப்ரவரி 1996, வெள்ளி

காலையில் குளிர், பத்து மணிக்கு மேல் நல்ல வெயில். மிளகாய் மொட்டை மாடியில். காக்கைக்கு மிளகாயில் என்ன வேலையோ, இரண்டு தடவை ஏறிப் போய் விரட்டினேன்.

ஊதுபத்திக் கம்பெனி சூப்பர்வைசரைக் கடைவீதியில் பார்த்தேன். "மாசக் கடைசி வரைக்கும் உன் எடத்துக்கு ஆள் போட மாட்டேன் சரசு. ஒண்ணாம் தேதி வரலைன்னா வேற பொண்ணு." நல்ல மனுஷன்தான். ஆனால் அந்தத் தூளில் எட்டு வருஷம் இருமியது போதும் என்றுதான் இரண்டு மாதம் முன்பு நின்றேன். பொடி விற்றால் போகவேண்டாம். விற்காவிட்டால் போய்த்தான் ஆகவேண்டும், இவர் ஒருத்தர் சம்பளத்தில் ஓடாது. லீப் வருஷம், பிப்ரவரிக்கு ஒரு நாள் கூட. அதுவும் லாபம்.

பெயர்: சரசு ரசப்பொடி. இவர் வைத்தது. வேண்டாம் என்று சும்மா இரண்டு தடவை சொன்னேன்.

அடுத்த வீட்டு ஜெயம்மாவிடம் யோசனை கேட்டேன். பாதி கன்னடம், பாதி தமிழ்: "இந்த ஊர்ல ஒவ்வொரு மனேலயும் அவங்கவங்க சாரு புடி டப்பா இருக்கு சரசு. அது எப்பவும் நெறஞ்சே இருக்கும். உன் புடி எங்க போகும்?" மனே என்றால் வீடு, சாரு என்றால் ரசம்.

இவர் யோசனை: முதலில் ஓசி. ஒரு வேளை ரசத்துக்கு ஆகிற பொட்டலம், தெருவில் வாசலுக்கு ஒன்று. சாயங்காலம் நாங்களே போய் ரசம் எப்படி இருந்தது என்று கேட்பது. ஞாயிறு அமாவாசை. புதுக் காரியம் தொடங்க அதைவிட நல்ல நாள் ஏது.

வாங்க: பழுப்புக் காகிதம், மஞ்சள் நூல் (பின் அடித்தால் ரசத்தில் விழும்), பெருங்காயம், இவருக்கு பிளேடு.

17, சனி. சிவராத்திரி

அச்சகத்தில் லேபிள் தயாரில்லை. "திங்கக்கிழமை கண்டிப்பா." திங்கட்கிழமை வரை அமாவாசை காத்திருக்குமா. லேபிள் இல்லாமலே கட்டினோம். பார்க்க மூளியாக இருந்தது, ஒவ்வொன்றுக்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன். லட்சணமாகிவிட்டது. எனக்கே பெருமை.

18, ஞாயிறு

விடியுமுன் ஆளுக்கொரு பை. கண் விழித்த அசதியில் தெருவே தூக்கம். ஒரு நாய் மட்டும் விசாரித்தது. எல்லா வாசலிலும் வைத்துவிட்டு வந்து காபி.

ஏழு மணிக்கு முதல் கூச்சல். பிறகு தெரு முழுக்க. எட்டிப் பார்த்தால் பொட்டலங்களைத் துடைப்பத்தால் சாக்கடைக்குத் தள்ளுகிறார்கள். கையால் தொடுவார் இல்லை. கோமியம் வேறு தெளிக்கிறார்கள்.

ஜெயம்மா ஓடி வந்தாள். "சரசு, வெளிய வராதே. யாரோ மாட்டா பண்ணிட்டாங்க. அமாவாசெ நாளு, மஞ்ச நூலு, குங்குமா, உள்ள செகப்புப் புடி." மாட்டா என்றால் செய்வினை.

நமக்கு நல்ல நாள், இவர்களுக்கு ஆகாத நாள். கல்யாணமாகி ராமாபுரத்திலிருந்து இந்தக் கன்னட ஊருக்கு வந்து பத்து வருஷம். அமாவாசையன்று ஜெ. புதுப் புடவைகூடக் கட்டமாட்டாள், பார்த்திருக்கிறேன். புத்தியில் உறைக்கவில்லை.

"உங்க வாசல்ல மட்டும் இல்லையே? தேவரு காப்பாத்திட்டாரு" என்று சாமியை மேலே பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

இவர் முகம் போன போக்கு. மிச்சமிருந்த பொட்டலம் ஒன்றை எங்கள் வாசலில் போட்டு, "அட, இங்கயும் கெடக்குது பாருங்க" என்று தெருவுக்கே கேட்கச் சொல்லிக்கொண்டு துடைப்பத்தை எடுத்தார். இப்படி நடிக்க வரும் என்று இத்தனை நாள் தெரியாது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

19, திங்கள்

லேபிள் வந்தது. கன்னடத்தில், பச்சை எழுத்து. அழகு. எடுத்துப் பரணில் போட்டேன்.

குழாயடியில் அதே பேச்சு. கோடி வீட்டு நாகரத்னாவின் மகள் பொட்டலத்தை மிதித்துவிட்டாளாம், நேற்றிலிருந்து காய்ச்சலாம், மந்திரிக்க ஆள் வருகிறாராம். டாக்டரிடம் போகவில்லையா என்று கேட்டேன். "இதுக்கு டாக்டர் என்ன பண்ணுவாரு?"

இவர்: "பேசாம இரு புள்ள. நாலு நாள்ல மறந்துருவாங்க." எனக்குச் சோறு இறங்கவில்லை.

20, செவ்வாய்

போய்ச் சொல்லிவிட்டேன். தனியாகத்தான் போனேன்.

"அது நான் வெச்சதுங்க. ரசப்பொடி. எங்களுக்கு அமாவாசை நல்ல நாளுங்க." நாகரத்னா நிலைப்படியிலேயே நின்று பார்த்தாள். ஒரு பொட்டலத்தைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டி நக்கிக் காட்டினேன். புரையேறிக் கண்ணெல்லாம் தண்ணீர். உள்ளே போய்ச் சொம்பு கொண்டுவந்தாள். செய்வினைக்காரிக்கு யாராவது தண்ணீர் கொடுப்பார்களா. அப்போதுதான் மூச்சு வந்தது.

குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து பிறகு திட்டினாள், நன்றாகவே. வாங்கிக்கொண்டேன். இருவருமாக மகளை டாக்டரிடம் கூட்டிப்போனோம். தொண்டைப் புண். மாத்திரை, வெந்நீர்.

22, வியாழன்

தெருவுக்கே தெரிந்தாயிற்று. நான் போனால் சிரிப்பு. ஜெ. ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை, இன்று அவளே வந்தாள். "உன் யஜமானரு நாடகக் கம்பெனிக்குப் போகலாம்." இவர் தலை குனிந்தே இருந்தார்.

பையோடு மூலை மளிகைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஷெட்டர் பையைத் திறக்கவே விடவில்லை. "அமாவாசெ புடியா? நம்ம அங்கடிக்குப் பேடம்மா." கடைக்கு வேண்டாமாம்.

26, திங்கள்

வெயில் ஏறிவிட்டது. பாகற்காய் வற்றலும் போடலாம்.

ஷெட்டரே கைதட்டிக் கூப்பிட்டார். "யாரோ ரெண்டு பேரு வந்து அமாவாசெ புடி இருக்கான்னு கேட்டாங்க. அது என்ன ருசின்னு பாக்கணுமாம். சும்மா நாலு வெச்சிட்டுப் போ." லேபிளில் சரசு, கேட்கிறவர்கள் வாயில் அமாவாசை. தான் வைத்த பெயர் வீணாயிற்றே என்று இவருக்கு வருத்தம். எனக்கு இல்லை.

ஆனால் வேடிக்கைக்கு ஒரு தடவை வாங்குவார்கள். மறுபடி வாங்க, வீட்டு டப்பா காலியாகவேண்டுமே.

28, புதன்

யாரும் வரவில்லை. கம்பெனியில் மூக்கோடு சேர்த்துக் கட்டும் துணியைத் தேடி எடுத்துத் துவைத்துக் காயப்போட்டேன். இரண்டு மாதமாக இருமல் இல்லை. அதை நினைத்துத்தான் அழுகை வந்தது.

29, வியாழன்

லாபமாக வந்த நாள். மதியம் வரை ஒன்றுமில்லை. துணியை மடித்துப் பையில் வைத்தேன்.

மூன்று மணிக்கு நாகரத்னா. கையில் எவர்சில்வர் டப்பா. காலி. கழுவித் துடைத்திருந்தது.

"ஜொரம் விட்டதிலேர்ந்து மக சாரு கேட்டுட்டே இருந்தா. திங்கக்கிழமை ஷெட்டரு கடைல உன் புடி வாங்கி வெச்சேன். இப்ப எங்க புடில வெச்சா தட்டைத் தள்ளறா. பழசைக் குண்டலுபேட்டை அக்காவுக்குக் கொடுத்து அனுப்பிட்டேன். இதுல போடு. நெறையப் போடு."

போட்டு மூடிக் கொடுத்தேன். வாங்காமல் நின்றாள்.

"குங்குமா வெச்சுக் கொடு. இன்னிக்கு அமாவாசெ இல்லையே."

வைத்தேன். பொட்டு கொஞ்சம் கோணல்.

டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவோடு மெதுவாகத்தான் போனாள். ஒவ்வொரு வாசலிலும் நிறுத்திக் கேட்டார்கள். பொட்டைக் காட்டிக் காட்டிச் சிரித்தாள். விளக்கு வைப்பதற்குள் இன்னும் நாலு வீட்டிலிருந்து காலி டப்பா வந்தது.

வேறு பெண் பார்த்துக்கொள்ளச் சொல்லி சூப்பர்வைசர் வீட்டுக்கு இவர் சைக்கிளில் போயிருக்கிறார். அந்தத் துணி இனி அடுப்படியில் கரித்துணி. கொத்தமல்லி தீர்ந்துவிட்டது.