சிரிப்பை இறக்கச் சொன்ன மதினிக்கு

மதினி, இன்று றக்வான டவுன் பார்மசியில் என் பித்தவெடிப்புக்குக் கிரீம் கேட்டேன். கடைக்காரர் ஒரு டியூபைத் திறந்து முகரக் கொடுத்தார். கற்பூரமும் வேப்பெண்ணெயும் கலந்த வாசம். அதே கம்பெனி. வேண்டாமென்று வைத்துவிட்டு வெளியே வந்தேன். பஸ் வரும்வரை உங்கள் நினைவுதான்.

அந்தக் கம்பெனியின் விளம்பரப் பலகை நம் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பும் ரோட்டு முடக்கில் ஏறியது மாரியம்மன் திருவிழா முடிந்த கையோடு. தணல்மேல் மஞ்சள் சேலைக்காரி ஒருத்தி அலறிக்கொண்டு ஓடுகிறாள். கீழே சிங்களத்திலும் தமிழிலும் எழுதியிருந்தது: 'அம்மன் கைவிட்ட பாதத்துக்கு எங்கள் கிரீம்.' அந்த வருஷமும் நீங்கள் தணலில் இறங்கிப் பூ மிதித்திருந்தீர்கள். உங்கள் சின்னவன் மூளைக்காய்ச்சலில் கிடந்தபோது வைத்த நேர்த்தி அது. பஸ்ஸில் யாரோ பலகையையும் உங்கள் காலையும் மாறிமாறிப் பார்த்துச் சிரித்தார்களாம். அன்று அடுப்படியில் உட்கார்ந்து, தலை நிமிராமல் அதைச் சொன்னீர்கள்.

தோட்டத்து இளைஞர்கள் பொலிசுக்குப் போகலாம் என்றார்கள். பலகையைக் கட்டிய உபாலியைப் பிடித்தால் கம்பெனிக்காரர்களும் அகப்படுவார்கள் என்றார்கள். நீங்கள்தான் மறித்தீர்கள். "அவரு கூலிக்குக் கட்டுனாரு. அவர உள்ள போட்டா எனக்கு என்ன கெடைக்கும்?"

விளம்பர முறைப்பாடுகளை விசாரிக்கும் சபை ஒன்று கொழும்பில் இருப்பதாக நான் சொன்னேன். சொன்ன வாயாலேயே வேண்டாமென்றும் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன் என்று பெயர், உங்களைவிடப் பயம் எனக்குத்தான் அதிகம். சமயம் புண்பட்டது என்று இன்றைக்கு நாம் கிளம்பினால், நாளைக்குப் பெரும்பான்மைக்காரர்களும் அதையே சொல்லிக்கொண்டு நம்மிடம் வருவார்கள், நாமோ கொஞ்சப் பேர் என்றேன். நீங்கள் மறுக்கவில்லை. நமக்கு வலித்ததை மட்டும் சொல்லிவிட்டு வருவோம் என்றீர்கள்.

முறைப்பாட்டை எழுதிப் போட்டோம். கொழும்பு விசாரணையில் கம்பெனிக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். அம்மன் படமே இல்லையே, இது வெறும் வேடிக்கை என்றார். சபையிலிருந்த ஒரு அம்மையார், இதில் உங்கள் தெய்வத்துக்கு என்ன அவமானம் என்று உங்களைக் கேட்டார். மொழிபெயர்க்க நான் வாயெடுக்குமுன் நீங்களே சிங்களத்தில் பதில் சொல்லிவிட்டீர்கள். நம் பேச்சில் அது இப்படி வரும்: "அம்மாவுக்கு ஒன்னும் இல்லைங்க, அவங்க தாங்கிக்குவாங்க. புள்ள பொழைக்கணும்னு நான் நெருப்புல எறங்குனேன். அதப் பாத்து சிரிக்கிறாங்க. அந்தச் சிரிப்பத்தான் எறக்கச் சொல்றோம்."

முறைப்பாட்டை ஏற்றுக்கொண்டார்கள். தெய்வ நிந்தனை என்று அவர்கள் சொல்லவில்லை. ஒருவரின் வேண்டுதலைக் கேலிசெய்து பொருள் விற்கக்கூடாது என்றார்கள். திரும்பும் வழியெல்லாம் நீங்கள் என் தோளில் சாய்ந்து தூங்கினீர்கள்.

பலகை இறங்கியது. அதே இடத்தில் வேறொன்று ஏறியது. கடற்கரை மணலில் ஒரு பெண்ணின் பாதம், எழுத்து சிங்களத்தில் மட்டும். நம்மைச் சீண்டாதே என்றதும் நம்மையே விட்டுவிட்டார்கள், இதற்குத்தான் பயந்தேன் என்றேன். நீங்கள் அதை அண்ணாந்து பார்த்தீர்கள். "இது பரவால்ல, தலைய நிமித்திப் போகலாம். ஆனா இதையும் ஒருநா கேக்கணும்" என்றீர்கள். கேட்பதற்குள் வயிற்றில் கட்டி என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் வீடு திரும்பவில்லை. சின்னவன்தான் கொள்ளி வைத்தான்.

போன மாதம் டவுன் பேக்கரி ஒன்று, தன் விளம்பரத்தில் பிள்ளையார் கையில் மோதகத்துக்குப் பதிலாகக் கேக்கைக் கொடுத்திருந்தது. கோயில் கமிட்டியில் முறைப்பாடு செய்யவேண்டும் என்றார்கள். இதில் யாரைக் கேலி செய்திருக்கிறார்கள், யாருக்கு வலித்தது என்று கேட்டேன். பார்க்க நன்றாயில்லை என்றார்கள். நன்றாயில்லைதான், அதற்கு நாம் அந்தக் கேக்கை வாங்காமல் இருந்தால் போதும் என்றேன். அத்தோடு விட்டுவிட்டார்கள்.

கிரீம் கம்பெனிக்கும் போன் கோல் எடுத்தேன், மதினி. சமயம் பற்றிய முறைப்பாடா என்று பதற்றத்தோடு கேட்டார்கள். இல்லை, எங்கள் முடக்கிலிருக்கும் பலகையில் தமிழும் வேண்டும் என்றேன். மேலிடத்தில் சொல்கிறோம் என்று வைத்துவிட்டார்கள். பயம் இன்னும் போகவில்லை. இருந்தாலும் அடுத்த வாரம் மறுபடியும் எடுப்பேன்.